கார்லைல் அணியின் கடைசிப் பருவம்

1917 நவம்பரில் அட்லாண்டா நகரில் ஜார்ஜியா டெக் அணி, கார்லைல் பழங்குடிப் பள்ளி அணியை 98–0 என்ற கணக்கில் வென்றது. முட்டைவடிவப் பந்தைக் கையிலேந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் அது. அப்பருவத்தில் கார்லைல் வென்றவை 3 ஆட்டங்கள், தோற்றவை 6. விளையாட்டு வரலாறுகள் இதனை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன.

பென்சில்வேனியாவில் கைவிடப்பட்ட படைக்குடியிருப்பு ஒன்றில், ராணுவ அதிகாரி ரிச்சர்ட் ஹென்றி பிராட் 1879இல் தொடங்கிய உறைவிடப் பள்ளி கார்லைல். அங்கு வந்து சேர்ந்த பழங்குடிச் சிறாரின் கூந்தல் வெட்டப்பட்டது, பெயர் மாற்றப்பட்டது, தாய்மொழி தடைசெய்யப்பட்டது. பட்டம் வழங்கும் கல்லூரியாக இல்லாதபோதும், அதன் அணி பெருங்கல்லூரிகளோடு மோதியது. 1911இல் ஹார்வர்டை 18–15 என்றும், 1912இல் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியை 27–6 என்றும் வென்றது. ஜிம் தோர்ப் அவ்வணியின் ஆட்டக்காரர். 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் இரு தங்கம் வென்றவர்.

அவ்வெற்றிகள் ஈட்டிய பணம் எங்கே சென்றது என்ற கேள்வி 1914இல் எழுந்தது. மாணவர்களே முறையீட்டில் கையொப்பமிட்டனர். நாடாளுமன்றக் குழு விசாரித்தது. பள்ளித் தலைவர் ஃப்ரீட்மன் பதவியிழந்தார். பயிற்றுநர் பாப் வார்னர் அவ்வாண்டுப் பருவம் முடிந்ததும் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். அப்பருவத்திலேயே தோல்விகள் வெற்றிகளை விஞ்சின. 1917இல் அமெரிக்கா போரில் இறங்கியபோது மாணவர் பலர் படையில் சேர்ந்தனர். பழங்குடியினர் அனைவருக்கும் குடியுரிமை கிட்டியதோ 1924இல்தான். ஆகவே அட்லாண்டாவில் தோற்றது, முன்னரே உள்ளீடற்றுப்போன ஒரு நிறுவனத்தின் அணி. 1918 செப்டம்பரில் பள்ளி மூடப்பட்டு, அவ்விடம் ராணுவ மருத்துவமனையாயிற்று.

மொழியியல் பயின்றோர்க்கு அடுத்த மாதமே முக்கியமானது. 1918 அக்டோபரில், பிரான்சின் போர்முனையில், ஜெர்மானியர் ஒட்டுக்கேட்ட தொலைபேசிக் கம்பிகளில் அமெரிக்கப் படை சாக்டா மொழியைப் பயன்படுத்தியது. இயந்திரத் துப்பாக்கிக்கு அம்மொழியில் சொல் இல்லை. 'விரைந்து சுடும் சிறுதுப்பாக்கி' என்ற பொருளில் வீரர்கள் புதுத்தொடர் ஆக்கிக்கொண்டனர். நவீன வாழ்வுக்குப் பயன்படாதவை என்று எந்த மொழிகளை அரசு தன் பள்ளிகளில் விலக்கியதோ, அவற்றுள் ஒன்று அதே அரசின் அவசரத் தேவையாக மாறியது.

ஒரு மொழி எதற்கும் உதவாது என்ற தீர்ப்பு பெரும்பாலும் அம்மொழியை ஆராய்ந்து எழுவதில்லை. அதைப் பேசுவோரின் அதிகாரமின்மையை அளந்து எழுவது. நம் நாட்டின் பழங்குடிச் சிறார்க்கான உறைவிடப் பள்ளிகளில் எம்மொழி ஒலிக்கிறது என்று கேட்பதற்கும் இவ்வரலாறு போதிய காரணம்.