உமறுப் புலவரின் சொல்வளமும் நம் வீட்டுத் தமிழும்

தஞ்சோங் டாவாயில் வளரும் நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் 'செம்பாயாங்', 'புவாசா' என்கிறார்கள். ஓதும் இடத்தில் 'ஸலாத்', 'ஸவ்ம்' என்று கற்கிறார்கள். வீட்டில் பெரியவர்கள் தொழுகை, நோன்பு என்கிறார்கள். மூன்றில் எது சரி என்று ஒரு பிள்ளை கேட்டால், விடை சொல்லத் துணைநிற்கும் நூல் ஒன்று நம்மிடம் உண்டு. அதுவே சீறாப்புராணம்.

17ஆம் நூற்றாண்டில் கீழக்கரை வள்ளல் சீதக்காதியின் ஆதரவில் உமறுப் புலவர் இக்காப்பியத்தைப் பாடத் தொடங்கினார். வள்ளலின் மறைவுக்குப் பின் பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் புலவரை ஆதரித்தார். 5,027 பாடல்கள் கொண்ட இந்நூல் 1842இல் அச்சேறியது.

நூலின் பெயரையே பாருங்கள். 'சீறா' என்பது வாழ்க்கை வரலாற்றைக் குறிக்கும் அரபுச் சொல். 'புராணம்' வடசொல்; பழைமையான வரலாறு என்பது பொருள். முதற் பகுதி விலாதத்துக் காண்டம். 'விலாதத்' அரபு, பிறப்பு என்று பொருள். 'காண்டம்' வடமொழி. இரண்டையும் இணைக்கும் 'க்' தமிழ்ப் புணர்ச்சி. அடுத்து வரும் நுபுவ்வத்து, ஹிஜ்றத்துக் காண்டங்களும் இப்படியே அமைந்தவை. முறையே நபித்துவத்தையும் மதீனாவுக்குப் பெயர்ந்ததையும் குறிப்பவை.

தீன், கலிமா, ஈமான், நபி ஆகியவற்றைப் புலவர் அரபாகவே வைத்தார். தமிழில் ஏற்ற சொல் இருந்த இடத்தில் அதை எடுத்துக்கொண்டார். 'தொழுகை வந்த வரலாற்றுப் படலம்' என்றே ஒரு படலம் உண்டு. தொழுதல் என்றால் பழந்தமிழில் கைகூப்பி வணங்குதல். நம் வழக்கில் அச்சொல் நிலை, ருகூவு, ஸுஜூது எல்லாவற்றையும் தன்னுள் அடக்கிக்கொண்டது. மலாய்ச் சகோதரர்களின் 'செம்பாயாங்' என்ற சொல்லிலும் இஸ்லாத்துக்கு முந்தைய தெய்வப் பெயர் ஒன்று கலந்திருக்கிறது. 'புவாசா' வடமொழி உபவாசத்திலிருந்து வந்தது. பழஞ்சொல் புது நம்பிக்கைக்குப் பணிசெய்வது நம்மிடம் மட்டும் நடந்ததல்ல.

'நபி அவதாரப் படலம்' என்ற தலைப்பைக் கண்டு சிலர் தயங்குவதுண்டு. இறைவன் இறங்கிப் பிறப்பான் என்பது நம் கொள்கையன்று. புலவர் பாடியதும் அதுவன்று. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பிறப்பை உயர்வாகச் சொல்லத் தம் காலக் காப்பிய வழக்கில் இருந்த சொல்லையே அவர் ஆண்டார். சொல் எங்கிருந்து வந்தது என்பதோடு, எப்பொருளில் ஆளப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும்.

இதற்கு அழகான சான்று 'மானுக்குப் பிணை நின்ற படலம்'. வேடனிடம் சிக்கிய மான், தன் கன்றுக்குப் பாலூட்டி வர விடை கேட்கிறது. நபிகள் நாயகம் (ஸல்) அதற்காகப் பிணை நிற்கிறார்கள். மான் சொன்னபடி திரும்பி வருகிறது. வேடன் இஸ்லாத்தைத் தழுவுகிறான். பிணை என்றால் ஜாமீன். பழந்தமிழில் பெண்மானுக்கும் பிணை என்றே பெயர். பிணைத்தல் என்றால் கட்டுதல். கட்டுண்ட மான், அதை விடுவித்த வாக்கு, இரண்டுக்கும் ஒரே சொல் பொருந்துகிறது. நம் நாட்டு நீதிமன்றங்களில் ஜாமீனை 'ஈக்காட் ஜாமின்' என்கிறார்கள். ஈக்காட் என்றால் மலாயில் கட்டுதல். ஜாமின் அரபிலிருந்து வந்தது. கட்டுதல் என்ற எண்ணமே இரு மொழியிலும் பொறுப்பேற்றலைக் குறிக்க வந்திருக்கிறது.

ஆகவே பிள்ளைக்கு நாம் சொல்லும் விடை இதுதான்: மூன்றும் சரி. ஆனால் ஸலாத்தைச் சொல்லித்தர ஓதுமிடம் இருக்கிறது. செம்பாயாங்கைச் சொல்லித்தர ஊர் இருக்கிறது. தொழுகை என்ற சொல்லுக்கு வீடு மட்டுமே இருக்கிறது. வீட்டில் அது நின்றுபோனால், உமறுப் புலவரைப் படிக்கும் வழியும் நம் பிள்ளைகளுக்கு அடைபட்டுவிடும். வரும் ரபீஉல் அவ்வல் மாதத்தில் ஒவ்வொரு வீட்டிலும் அந்த மானின் படலத்தையாவது பிள்ளைகளோடு சேர்ந்து படிப்போம், இன்ஷா அல்லாஹ்.