உப்புக்கண்டம் (திருகோணமலை)

உப்புக்கண்டம் என்பது எலும்பும் கொழுப்பும் நீக்கிய இறைச்சியை நீளவாக்கில் கீறி, உப்பும் மஞ்சளும் தடவி, நூலில் கோத்து வெயிலில் உலர்த்திப் பக்குவப்படுத்தும் உணவாகும். 'கண்டம்' என்னும் சொல் துண்டத்தைக் குறிக்கும். திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த ஊர்களில் இதற்கு ஏற்ற பருவம், ஆண்டின் நடுப்பகுதியில் தரைப்பக்கமிருந்து வறண்டு வீசும் கச்சான் காற்றின் காலமாகும்.

1660இல் திருகோணமலையை அடுத்த கொட்டியாரக் குடாவில் கண்டி மன்னனின் ஆட்களிடம் சிறைப்பட்ட ஆங்கிலேய மாலுமி ராபர்ட் நொக்ஸ், 1681இல் வெளிவந்த தமது நூலில், வேடர் மரப்பொந்தில் தேனை விட்டு, இறைச்சியை நிரப்பி, வாயைக் களிமண்ணால் அடைத்துப் பஞ்சகாலத்துக்கென வைத்திருந்ததைக் குறிப்பிடுகிறார். இது உள்நாட்டுக் காட்டு வேடரைப் பற்றியதாகவே தோன்றுவதால், மூதூர், வெருகல் கரையோர வேடருக்கும் இதைப் பொருத்துவது ஐயத்துக்குரியது.

திருகோணமலைத் துறைமுகத்துக்கு ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர் கப்பல்களும் பீப்பாய் இறைச்சியோடுதான் வந்தன.

1795இல் ஆங்கிலேயர் இத்துறைமுகத்தைக் கைப்பற்றி 1957 வரை கடற்படைத் தளமாக வைத்திருந்த காலத்துக்குச் சான்றுகள் மிகுதி. 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கடற்படை விதிப்படி மாலுமி ஒருவருக்கு வாரம் 4 இறாத்தல் மாட்டிறைச்சியும் 2 இறாத்தல் பன்றியிறைச்சியும் உரியன. செவ்வாயும் சனியும் மாடு, ஞாயிறும் வியாழனும் பன்றி. இறைச்சி உப்பும் வெடியுப்பும் சேர்த்துப் பதப்படுத்தப்பட்டு, உப்புநீர் நிறைந்த பீப்பாய்களில் அடைக்கப்பட்டது; இத்தொழிலுக்கு அயர்லாந்தின் கோர்க் நகரம் பேர்பெற்றிருந்தது. சமைப்பதற்கு முன் அதைத் தொட்டித் தண்ணீரில் நெடுநேரம் ஊறவைத்து உப்பை இறக்க வேண்டியிருந்தது. நாட்பட்ட துண்டுகள் மரம்போல் இறுகியதால், மாலுமிகள் அவற்றைச் செதுக்கி மூக்குப்பொடிச் சிமிழ் செய்தனர் என்பர். மிகையாயினும் விட்டுவிட மனம் வராத செய்தி இது. 1813 முதல் தகரப்பேணியில் அடைத்த இறைச்சியும் ஆங்கிலக் கடற்படைக்குச் சிறிது சிறிதாக வந்துசேர்ந்தது.

கிண்ணியா, மூதூர் முஸ்லிம்கள் ஹஜ்ஜுப் பெருநாளில் அறுக்கும் குர்பான் இறைச்சியில் மிஞ்சுவதை உலர்த்துவது தனி மரபு. பெருநாளை அடுத்த மூன்று நாள்களுக்கு வழங்கும் 'தஷ்ரீக்' என்னும் அரபுப் பெயரே இறைச்சியைக் கீறி வெயிலிலிடுவதால் வந்தது என்பது ஒரு சாரார் கருத்து. சூரிய உதயத்தோடு தொடர்புபடுத்துவோரும் உளர்.

காட்டு விலங்கு, தாவரப் பாதுகாப்புக்கான 1937ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் மரையையும் வற்றலுக்குப் பேர்போன மானையும் வேட்டையாடுவது தடைப்பட்டது. இன்று கடைகளில் உறைகுளிர்ப் பெட்டியிலுள்ள சொசேஜஸ் பொதிகளே பதப்படுத்திய இறைச்சியாகப் பெரிதும் விலைபோகின்றன. மான்களோ திருகோணமலையின் பிரட்றிக் கோட்டைக்குள் புள்ளிமான் கூட்டங்களாக மேய்கின்றன.