கியர்ப்பெட்டி மாற்றம்

கியர்ப்பெட்டி மாற்றம் என்பது, ஒரு தானுந்தில் (கார்) உற்பத்தியாளர் பொருத்திய கியர்ப்பெட்டியை, அதாவது பற்சக்கரப் பெட்டியை, அகற்றிவிட்டு வேறு வகைக் கியர்ப்பெட்டியைப் பொருத்துவதாகும். நான்கு கியர்கள் கொண்ட பெட்டிக்குப் பதிலாக ஐந்து கியர்கள் கொண்டதையோ, ஐந்துக்குப் பதிலாக ஆறு கியர்கள் கொண்டதையோ பொருத்துவதே இதில் பரவலான வகை. ஸ்போர்ட்ஸ் கார் உரிமையாளர்களிடையே இவ்வழக்கம் மிகுதி. இந்தியாவில் இதையொத்த மாற்றங்களை வண்டி உற்பத்தியாளர்களே தம் பழைய வண்டிகளில் செய்துள்ளனர்.

கியர்களின் எண்ணிக்கை கூடுவதால் எஞ்சினின் திறன் கூடுவதில்லை. மாற்றத்தின் பயன், புதிய பெட்டியின் கியர் விகிதங்களையும், சக்கர அச்சிலுள்ள டிஃபரன்ஷியலின் இறுதி விகிதத்தையும் பொறுத்தே அமைகிறது.

கியர் விகிதம்

கியர்ப்பெட்டியின் வெளித்தண்டு ஒரு முறை சுழல எஞ்சின் எத்தனை முறை சுழல வேண்டும் என்பதே கியர் விகிதம் ஆகும். விகிதம் 1.00 எனில் இரண்டும் ஒரே வேகத்தில் சுழலும். விகிதம் 1-ஐ விடக் குறைந்தால் வெளித்தண்டு எஞ்சினை விட விரைவாகச் சுழலும். இது ஓவர்டிரைவ் எனப்படும். கியர் விகிதத்தை டிஃபரன்ஷியலின் விகிதத்தால் பெருக்கினால் கிடைப்பது மொத்த விகிதம். எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் இடையிலான உண்மையான தொடர்பைக் காட்டுவது இதுவே.

முதல் கியரின் மொத்த விகிதம் பெரிதாக இருந்தால் வண்டி நின்ற நிலையிலிருந்து எளிதில் கிளம்பும். கடைசிக் கியரின் மொத்த விகிதம் சிறிதாக இருந்தால் நெடுஞ்சாலையில் எஞ்சின் மெதுவாகச் சுழலும். இரைச்சலும் தேய்மானமும் குறையும்.

எடுத்துக்காட்டு: மாஸ்டா எம்எக்ஸ்-5

சப்பானின் மாஸ்டா நிறுவனம் 1989-இல் அறிமுகப்படுத்திய எம்எக்ஸ்-5, ஐந்து கியர்களைக் கொண்டிருந்தது. 1999-இல் வெளியான பத்தாம் ஆண்டுச் சிறப்புப் பதிப்பில் ஐசின் நிறுவனத்தின் ஆறு கியர்ப் பெட்டி இடம்பெற்றது. பழைய வண்டிகளின் உரிமையாளர்கள் பலர் இந்த ஆறு கியர்ப் பெட்டியைப் பொருத்தியுள்ளனர். இரண்டு பெட்டிகளின் விகிதங்கள் பின்வருமாறு:

• ஐந்து கியர்ப் பெட்டி: 3.136, 1.888, 1.330, 1.000, 0.814
• ஆறு கியர்ப் பெட்டி: 3.760, 2.269, 1.646, 1.257, 1.000, 0.843

இவற்றை ஒப்பிட்டால், ஆறாவது கியர் பழைய ஐந்தாவது கியரை விடக் குறைந்த விகிதம் உடையது அன்று என்பது தெளிவாகும். கூடுதல் கியர் மேலே சேர்க்கப்படவில்லை. கீழ்க்கியர்களுக்கு இடையே சேர்க்கப்பட்டுள்ளது. எனவே பெட்டியை மட்டும் மாற்றினால் நெடுஞ்சாலையில் எஞ்சின் முன்னைவிடச் சற்று விரைவாகவே சுழலும். 185/60 அளவுள்ள 14 அங்குல டயர்களுடன், மணிக்கு 100 கி.மீ. வேகத்தில், கடைசிக் கியரில் எஞ்சின் நிமிடத்திற்குச் சுழலும் அளவு, கணக்கீட்டின்படி, ஏறத்தாழப் பின்வருமாறு அமையும்:

• ஐந்து கியர்ப் பெட்டி, 4.100 டிஃபரன்ஷியல்: 3065 சுற்றுகள்
• ஆறு கியர்ப் பெட்டி, அதே 4.100 டிஃபரன்ஷியல்: 3175 சுற்றுகள்
• ஆறு கியர்ப் பெட்டி, 3.909 டிஃபரன்ஷியல்: 3025 சுற்றுகள்
• ஆறு கியர்ப் பெட்டி, 3.636 டிஃபரன்ஷியல்: 2815 சுற்றுகள்

3.636 டிஃபரன்ஷியலையும் சேர்த்துப் பொருத்தும்போது முதல் கியரின் மொத்த விகிதம் 12.86-இலிருந்து 13.67 ஆக உயர்கிறது; கடைசிக் கியரின் மொத்த விகிதமோ 3.34-இலிருந்து 3.07 ஆகக் குறைகிறது. கிளம்பும் விசை, நெடுஞ்சாலை அமைதி ஆகிய இரண்டும் ஒருங்கே கிடைப்பது இந்நிலையில்தான்.

பிரித்தானிய ஸ்போர்ட்ஸ் கார்கள்

1962 முதல் 1980 வரை தயாரிக்கப்பட்ட எம்ஜிபி, நான்கு கியர்களைக் கொண்டது. அதற்கு லேகாக் ஓவர்டிரைவ் கருவி விருப்ப இணைப்பாகவும் வழங்கப்பட்டது. அக்கருவி இல்லாத வண்டிகளில், ஃபோர்டு சியாரா போன்ற தானுந்துகளில் இருந்த டைப் 9 எனும் ஐந்து கியர்ப் பெட்டியைப் பொருத்துவது வழக்கமாயிற்று. இப்பெட்டியின் நான்காவது கியர் 1.00, ஐந்தாவது கியர் ஏறத்தாழ 0.82. எம்எக்ஸ்-5 போலன்றி, இங்குக் கூடுதல் கியர் உண்மையில் மேலே சேர்வதால் டிஃபரன்ஷியலை மாற்றாமலேயே எஞ்சின் சுழற்சி ஏறத்தாழ 18 விழுக்காடு குறைகிறது.

இந்தியாவில்

இந்துசுதான் மோட்டார்ஸ் நிறுவனத்தின் அம்பாசடரில் நெடுங்காலம் இருந்த 1489 க.செ.மீ. எஞ்சின், எம்ஜிஏ, எம்ஜிபி ஆகிய ஸ்போர்ட்ஸ் கார்களின் எஞ்சின்களைப் போலவே பிரித்தானிய மோட்டார் கழகத்தின் பி-வரிசையைச் சேர்ந்ததாகும். அதே நிறுவனம் 1984-இல் அறிமுகப்படுத்திய கான்டெசாவும் தொடக்கத்தில் இந்த எஞ்சினையும் நான்கு கியர்ப் பெட்டியையும் கொண்டிருந்தது. பெரிய உடலுக்கு அந்த எஞ்சின் போதவில்லை. 1980களின் பிற்பகுதியில் இசுசு நிறுவனத்தின் 1.8 லிட்டர் எஞ்சினும் ஐந்து கியர்ப் பெட்டியும் கான்டெசாவில் இணைக்கப்பட்டன. 1990களின் தொடக்கத்தில் இதே இணை அம்பாசடருக்கும் வந்தது. அம்பாசடர் 1800 ஐஎஸ்இசட் எனப்பட்ட அவ்வண்டியில், ஸ்டியரிங் தண்டில் இருந்த கியர்க் கோல் தரைக்கு இடம் மாறியது. இவ்விரு வண்டிகளிலும் எஞ்சினும் பெட்டியும் சேர்ந்தே மாறின என்பது குறிப்பிடத்தக்கது.

மாருதி 800 தொடக்கத்திலிருந்து நான்கு கியர்களைக் கொண்டிருந்தது. 2000-ஆம் ஆண்டில் ஐந்து கியர்கள் உடைய வகை வெளிவந்தது. அதன் பெட்டியைப் பழைய வண்டிகளில் பொருத்தும் வழக்கமும் உண்டு. முன்சக்கர இயக்கம் உள்ள இவ்வண்டியில் கியர்ப்பெட்டியும் டிஃபரன்ஷியலும் ஒரே உறைக்குள் அமைந்துள்ளதால், பெட்டியுடன் இறுதி விகிதமும் மாறிவிடும்.

ஓடும் சாலையும் பயனைத் தீர்மானிக்கிறது. கும்பகோணத்திலிருந்து வலங்கைமான் வழியாக நீடாமங்கலம் செல்லும் சாலையைப் போல ஊர்களும் வளைவுகளும் அடுத்தடுத்து வரும் சாலைகளில் கடைசிக் கியருக்கு வாய்ப்பு குறைவு. நான்குவழி நெடுஞ்சாலைகளில் நெடுந்தொலைவு செல்லும் வண்டிக்கே அது பெரிதும் பயன்படும்.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை

• பெல் ஹவுசிங்: எஞ்சினோடு பெட்டி இணையும் மணி வடிவ உறையின் துளைகள் எஞ்சினோடு பொருந்த வேண்டும். இல்லையெனில் இடைத்தகடு தேவைப்படும்.
• கிளட்ச் தட்டு: அதன் நடுத்துளையின் வரிப்பற்கள் புதிய பெட்டியின் உள்தண்டோடு பொருந்த வேண்டும்.
• புரொப்பெல்லர் தண்டு: புதிய பெட்டியின் நீளம் வேறுபட்டால் தண்டை நீட்டியோ குறைத்தோ மீண்டும் சமநிலைப்படுத்த வேண்டும். இது பின்சக்கர இயக்க வண்டிகளுக்குரியது.
• தாங்கியும் கியர்க் கோலும்: பெட்டியைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தையும், கோல் வெளிவரும் துளையையும் இடம் மாற்ற நேரலாம்.
• முறுக்குவிசை: எஞ்சினின் உச்ச முறுக்குவிசையைத் தாங்கும் வலிமை பெட்டிக்கு இருத்தல் வேண்டும். இல்லாவிடில் பற்கள் உடையும்.
• வேகமானி: பல வண்டிகளில் வேகமானி கியர்ப்பெட்டியின் வெளித்தண்டிலிருந்து இயங்குகிறது. டிஃபரன்ஷியலை 4.100-இலிருந்து 3.636-க்கு மாற்றிவிட்டு வேகமானிப் பல்லை மாற்றாமல் விட்டால், வண்டி உண்மையில் மணிக்கு 100 கி.மீ. செல்லும்போது முன்னர் காட்டியதைவிட 11 விழுக்காடு குறைவாகக் காட்டும். ஓட்டுநர் தாம் மெதுவாகச் செல்வதாக எண்ணுவதால் இது இடர் விளைவிக்கும்.

சட்ட நிலை

இந்தியாவில் வண்டி மாற்றங்களை 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு ஒழுங்குபடுத்துகிறது. பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள், உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்டவற்றிலிருந்து வேறுபடும் வகையில் வண்டியை மாற்றக் கூடாது என்பது அதன் சாரம். கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 சனவரியில் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டில் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 182அ பிரிவின்படி, அனுமதிக்கப்படாத மாற்றத்தைச் செய்யும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் தண்டமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். பழுதான பெட்டிக்கு ஈடாக அதே வகைப் பெட்டியைப் பொருத்துவது பழுதுபார்ப்பு ஆகும். வேறு வண்டியின் பெட்டியைப் பொருத்துவது அதனின்றும் வேறானது என்பதால், பணியைத் தொடங்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் உரிய விளக்கம் பெறுவதும், காப்பீட்டு நிறுவனத்துக்கு அறிவிப்பதும் தேவையாகும்.

இவற்றையும் பார்க்கவும்

• கிளட்ச்
• டிஃபரன்ஷியல்
• முறுக்குவிசை
• இந்துசுதான் அம்பாசடர்
• மாருதி 800