வெண்பட்டும் முழங்கால் வேட்டியும்

சேலம் அம்மாபேட்டை தறிகளின் ஊர். சேலத்தின் வெண்பட்டு வேட்டி புவிசார் குறியீடு பெற்றது. அந்த வெண்மை கசங்காமல் இருக்க, உடுத்தியவர் சேற்றில் இறங்காதவராக இருக்க வேண்டும்.

அமெரிக்கப் பொருளியலாளர் தோர்ஸ்டைன் வெப்லென் 1899இல் எழுதிய 'ஓய்வு வர்க்கத்தின் கோட்பாடு' நூலின் சாரம் இதுதான்: தனக்கு உழைக்கத் தேவையில்லை என்று ஊருக்குக் காட்டுவதே மேல்வர்க்கத்தின் மதிப்பு. அதைப் பார்த்துக் கீழே உள்ளவர்களும் பின்பற்றுவார்கள் என்றார் அவர்.

ஆனால் நம் ஊரில் பின்பற்றுவதே குற்றம். 1930 டிசம்பரில் ராமநாதபுரம் பகுதியில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர் மீது எட்டுத் தடைகளை விதித்தனர். தங்க, வெள்ளி நகை கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே உடுத்தக் கூடாது. சட்டை, குடை, செருப்பு கூடாது. பெண்கள் மார்பை மறைக்கக் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன. 1931இல் தடைகள் பதினொன்றாயின: பிள்ளைகள் படிக்கக் கூடாது, மிராசுதாரின் மாடுகளை மேய்க்க வேண்டும்.

தோழர்களே, இந்தக் கடைசித் தடையைக் கவனியுங்கள். ஒருவரின் ஓய்வுக்கு இன்னொருவரின் கட்டாய உழைப்பு தேவை. உடைக்கான தடை அந்த உழைப்புக்கான காவல்.

1936இல் 'சாதி ஒழிப்பு' உரையில் அம்பேத்கர் சக்வாரா கிராமத்தைச் சுட்டினார். அங்கே தலித்துகள் விருந்தில் நெய் பரிமாறியதற்காகவே தாக்கப்பட்டார்கள்.

வெப்லெனை நாம் படிப்போம். ஆனால் நம் இளைஞர் போடும் வெள்ளைச் சட்டையை வெறும் ஆடம்பரம் என்று யாராவது சொன்னால், இந்தப் பட்டியலை எடுத்துக் காட்டுவோம்.