தி லாஸ்ட் வால்ட்ஸ்: ஐந்து பேர், ஒரு விடைபெறுதல்

சற்று நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

பிரிவு உபசார விழா ஆல்பங்களைப் பார்த்திருப்பீர்கள். மாலை, சால்வை, எல்லா முகத்திலும் சிரிப்பு. அந்த ஆல்பத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு பள்ளியின் வரலாற்றை எழுதிவிட முடியாது. ஆனால் ஒரு ராக் இசைக்குழுவின் வரலாற்றை உலகம் கிட்டத்தட்ட அப்படித்தான் தெரிந்துவைத்திருக்கிறது. குழுவின் பெயர் 'தி பேண்ட்'. அவர்களுடைய பிரிவு உபசார இசைத்தட்டு 'தி லாஸ்ட் வால்ட்ஸ்'.

முதலில் ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். கிடார் ராபி ராபர்ட்சன், பியானோ ரிச்சர்ட் மானுவல், பேஸ் கிடார் ரிக் டாங்கோ, ஆர்கன் கார்த் ஹட்சன். நால்வரும் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தவர். டிரம்ஸ் வாசித்துக்கொண்டே பாடும் லெவன் ஹெல்ம் மட்டும் அமெரிக்காவின் ஆர்கன்சாவில் பருத்தி விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். ரானி ஹாக்கின்ஸ் என்ற பாடகருக்குப் பின்னணி வாசிக்கத்தான் ஐவரும் ஒன்று சேர்ந்தார்கள். இதில் எனக்குப் பிடித்த ஒரு செய்தி உண்டு. முறையாகச் சங்கீதம் கற்ற ஹட்சன், ராக் குழுவில் சேர்ந்தால் பெற்றோர் என்ன நினைப்பார்களோ என்று தயங்கினார். அதனால் மற்றவர்களுக்குப் பாடம் சொல்லித்தரும் ஆசிரியர் என்ற பெயரில், வாரம் ஆளுக்கு 10 டாலர் கட்டணம் பேசிக்கொண்டு சேர்ந்தார்!

பிறகு பாப் டிலனுக்கு வாசித்தார்கள். 1968இல் 'மியூசிக் ஃப்ரம் பிக் பிங்க்' என்ற முதல் தட்டு வந்தது. மூன்று பேர் மாறி மாறியும் சேர்ந்தும் பாடுவார்கள். இவர்தான் தலைவர் என்று யாரையும் காட்ட முடியாது. அந்தக் குழுவின் அழகே அதுதான்.

1976இல் ராபர்ட்சன் ஊர் ஊராகப் போய் வாசித்தது போதும் என்று முடிவுசெய்தார். அவர் பயம் காரணமில்லாதது அல்ல. ஜிமி ஹென்ட்ரிக்ஸ், ஜானிஸ் ஜாப்ளின் என்று பலர் இளம் வயதிலேயே போயிருந்தார்கள். குழுவுக்குள்ளும் குடியும் போதைப்பொருளும் புகுந்திருந்தன. அந்த ஆண்டு ஒரு படகு விபத்தில் மானுவலுக்குக் கழுத்தில் பலத்த அடி வேறு.

1976 நவம்பர் 25, அமெரிக்காவின் நன்றி நவிலும் நாள். சான் பிரான்சிஸ்கோவின் வின்டர்லேண்ட் அரங்கில் சுமார் 5,000 பேர். டிக்கெட் 25 டாலர், அன்றைக்கு அது பெரிய தொகை. ஏற்பாட்டாளர் பில் கிரஹாம் எல்லோருக்கும் வான்கோழி விருந்து போட்டார். மேடைக்கு ஓபரா நாடகத்தின் அலங்காரப் பொருட்களைக் கொண்டுவந்தார்கள். டிலன், மடி வாட்டர்ஸ், ஜோனி மிட்செல், நீல் யங், வான் மாரிசன், எரிக் கிளாப்டன் என்று வந்து வாசித்தவர்கள் பட்டியல் நீளம். மார்ட்டின் ஸ்கார்செஸி படம் பிடித்தார்.

விடைபெற்றவர்களில் மூத்தவரான ஹட்சனுக்கு அன்று வயது 39. ராபர்ட்சனுக்கு 33. நம்மூரில் டி.ஆர்.பி. தேர்வு எழுதிவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் வயது!

1978 ஏப்ரலில் மூன்று எல்.பி. தட்டுகளாக இசை வெளிவந்தது. படமும் அப்போதே வந்தது. தட்டு, படம் இரண்டுக்கும் தயாரிப்பாளர் ராபர்ட்சன். இங்கேதான் வரலாற்று மாணவர்கள் கவனிக்க வேண்டும். ஆறு பக்கங்களில் கடைசிப் பக்கம் முழுவதும் பின்னால் தனியாகப் பதிவுசெய்தது. அரங்கில் பதிவானவற்றிலும் பல பகுதிகளை ஸ்டுடியோவில் திரும்ப வாசித்தும் பாடியும் சேர்த்தார்கள். அன்றிரவு கூட்டம் கலையாததால் மீண்டும் மேடையேறி வாசித்த கடைசிப் பாட்டு, படத்தில் முதல் பாட்டாக வருகிறது.

லெவன் ஹெல்ம் 1993இல் எழுதிய சுயசரிதையில் தன் மனக்குறைகளைக் கொட்டினார். குழுவைக் கலைப்பதில் தனக்கு விருப்பமே இல்லை என்றார். செலவையும் நேரத்தையும் காட்டி மடி வாட்டர்ஸைத் தவிர்க்கப் பார்த்தபோது தான் சண்டைபோட்டதாக எழுதினார். படம் ராபர்ட்சனைச் சுற்றியே போகிறது, மானுவலைத் தேட வேண்டியிருக்கிறது என்றார். பெரும்பாலான பாடல்கள் ராபர்ட்சன் பெயரிலேயே பதிவானதும், அதனால் வரும் பணமும் அவருக்கு ஆறாத புண்.

லெவன் சொன்னதில் ஒன்றுக்குக் காலமே சாட்சி. 1983இல் ராபர்ட்சன் இல்லாமல் மற்ற நால்வரும் மீண்டும் சேர்ந்து ஊர் ஊராகக் கிளம்பினார்கள். ஆகவே அந்த விடைபெறுதல் ஒருவருடையது. ஆனால் ராபர்ட்சன் பயந்ததும் நடந்தது. 1986 மார்ச் 4 அன்று, சுற்றுப்பயணத்தின் நடுவே, ஃபுளோரிடாவில் மானுவல் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 42.

இருவரில் யார் சொன்னது சரி? எனக்குத் தீர்ப்புச் சொல்லத் தோன்றவில்லை. ஒருவர் தட்டும் படமும் தயாரித்தார், உலகம் முழுவதும் போய்ச் சேர்ந்தது. மற்றவர் 15 ஆண்டு கழித்துப் புத்தகம் எழுதினார், சிலர் படித்தார்கள். மானுவல் எதையும் எழுதிவைக்கவில்லை. வகுப்பில் கல்வெட்டு நடத்தும்போது, 'இதை வெட்டச் சொன்னது யார்?' என்று கேட்கச் சொல்வேன். இசைத்தட்டுக்கும் அதே கேள்விதான்.

லெவனுக்கு 1998இல் தொண்டைப் புற்றுநோய் வந்து குரல் போனது. பிறகு மெல்லத் தேறி, உட்ஸ்டாக்கில் தன் வீட்டுக் களஞ்சியத்திலேயே கச்சேரி நடத்தினார். மருத்துவக் கடன் அதில் அடைந்தது. மீண்டும் பாடி, கிராமி விருதும் வாங்கினார். 2012இல் அவர் மரணப் படுக்கையில் இருந்தபோது, மருத்துவமனைக்குப் போய் அருகில் அமர்ந்திருந்ததாக ராபர்ட்சன் எழுதினார். டாங்கோ 1999லேயே போய்விட்டார். 2023இல் ராபர்ட்சன், 2025 ஜனவரியில் ஹட்சன். இன்று ஐவரில் ஒருவரும் இல்லை.

இத்தனைக்குப் பிறகும் அந்த இசைத்தட்டைக் கேளுங்கள் என்றுதான் சொல்வேன். மடி வாட்டர்ஸ் பாடுவதை அவசியம் கேளுங்கள். லெவன் சண்டை போட்டிராவிட்டால் அது நமக்குக் கிடைத்திருக்காது.