நம்மூர் வீதிகளும் மழைநீரின் வழியும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வற்றாத ஆறு இல்லை என்பது பாலர் வகுப்புப் பிள்ளையும் அறிந்த செய்தி. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்யும் மழை, சுண்ணக்கல்லின் வெடிப்புக்களூடே கீழிறங்கிக் கிணற்று நீராகின்றது. கங்கையும் காவிரியும் நமக்கு அந்தக் கிணறுகளே. இத்தகைய நாட்டிலே வீதியமைத்தல் கல்லும் தாரும் பற்றிய கருமம் மாத்திரமன்று; தண்ணீர் பற்றிய கருமமுமாகும். இந்த எண்ணம் எனக்கு நூல்களிலிருந்து உதிக்கவில்லை. எங்கள் வீட்டு வாயிற்படியிலிருந்து உதித்தது.

குருநகரில் என் அம்மம்மா வீட்டுக்கு முன்னொரு காலத்தில் வீதியிலிருந்து மூன்று படி ஏறிப் போகவேண்டும் என்று பெரியோர் சொல்வர். என் சிறுபிராயத்தில் ஒரு படி இருந்தது. இப்பொழுது ஒரு படி இறங்கிப் போகின்றோம். வீடு தாழவில்லை, வீதி உயர்ந்தது. பழைய தாருக்கு மேல் கல், கல்லுக்கு மேல் தார், அதற்கு மேல் 'காப்பெற்' என இவ்வாறு உயர்ந்தது. ஒரு மாரியிலே வீதி வெள்ளம் விறாந்தை கடந்து வந்து நெற்பெட்டகத்தைத் தொட்டது. வீதி வேலை பார்க்க வந்த ஓவசியர் ஒருவரிடம் அம்மம்மா, "தம்பி, றோட்டைப் போடுறியள், நல்லது. தண்ணி எங்கை போறது?" என்று கேட்டார். அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். அக்கேள்விக்கு ஒரு மாணவன் தேடிய விடையே இக்கட்டுரை.

தார் வருமுன் நம்மூர் ஒழுங்கைகள் மணலும் மக்கியுமாக இருந்தன. பெய்த மழையிற் பெரும்பங்கு பெய்த இடத்திலேயே சுவறியது. மிஞ்சியது குளத்துக்கும் கேணிக்கும் ஓடியது. ஆங்கிலேயர் ஆட்சியிலேதான் வீதி என்பது அரசாங்கத்தின் பெருங்கருமமாயிற்று. 1848ஆம் ஆண்டு இயற்றிய வீதிச் சட்டத்தின்படி, 18 முதல் 55 வயது வரையுள்ள ஆண்மகன் ஒவ்வொருவனும் வருஷத்தில் ஆறு நாள் வீதியில் வேலை செய்யவேண்டும்; இயலாதேல் பணம் இறுக்கவேண்டும். அதே ஆண்டு கண்டிப் பகுதியில் மூண்ட கலகத்துக்கு இச்சட்டமும் ஏனைய புதுவரிகளும் காரணமாயின. அக்காலத்து யாழ்ப்பாணத்தில் அதிகாரஞ் செலுத்தியவர் டைக் துரை. 1829இல் இங்கு வந்து, 1867இல் ஏசண்டாக இருக்கும்போதே காலமானவர். வடக்கின் இராசா என்று பேர்பெற்ற அவரைப் பற்றிக் குறை சொல்வாரும் உளர். ஆயினும் பழைய பூங்காவிலே அவர் மரம் நாட்டுவித்ததை நான் அவருக்குப் புண்ணியமாகவே எண்ணுகிறேன்.

அந்நாளைய வீதிகளுக்கு இலக்கணம் வகுத்தவர் ஸ்கொத்லாந்து தேசத்து மக்கடம் என்பவர் (1756–1836). சிறுகல்லை நெருக்கிப் பரப்பும் முறைக்கே அவர் பெயரை உலகம் நினைவுகூர்கின்றது. அவருடைய போதனையின் உயிர்நிலையோ வேறு. வண்டியின் பாரத்தைத் தாங்குவது கல்லன்று, கீழேயுள்ள நிலமே. நிலம் உலர்ந்திருக்கும்வரையே தாங்கும். ஆதலால் வீதியின் நடுவை மெல்ல உயர்த்தி, இருபுறமும் வாய்க்கால் வைத்து, தண்ணீரை அப்புறப்படுத்துக என்பதே அது. கல்லைப் பிடித்துக்கொண்டோம், வாய்க்காலை விட்டுவிட்டோம். இன்றைக்கும் ஒரு வீதி பள்ளமும் படுகுழியுமாய்ப் போனால், முதலிற் குற்றஞ்சாட்ட வேண்டியது லொறியை அன்று, தேங்கிய நீரையே.

தார் வந்த கதை சுவையானது. 1901ஆம் ஆண்டளவில் இங்கிலாந்திலே ஹூலி என்ற அளவையாளர் ஓர் இரும்பாலைக்கு அண்மையிற் போகும்போது, வீதியின் ஓரிடம் மட்டும் தூசியின்றி வழுவழுப்பாய் இருப்பதைக் கண்டார். விசாரித்தபோது, தார்ப்பீப்பா ஒன்று விழுந்து உடைந்ததென்றும், அதை மறைக்க ஆலைக் கசடைக் கொட்டினார்கள் என்றும் அறிந்தாராம். அடுத்த ஆண்டே அவர் அம்முறைக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். தாரினால் வந்த நன்மையை மறைத்தல் நேர்மையன்று. தூசி அடங்கிற்று. பஸ் வந்தது. 2009இல் யுத்தம் முடிந்தபின் செப்பனிட்ட வீதிகளினாலே நோயாளி வைத்தியசாலைக்கும் மீன் சந்தைக்கும் விரைந்து போக முடிகின்றது. வீதி வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை.

ஆனால் நம் நிலத்தின் இயல்பை முதலில் அறிதல் வேண்டும். நான் கற்ற மிஷன் பாடசாலையிலே புவியியல் படிப்பித்த ஆசிரியர், ஒரு கண்ணாடிக் குவளையில் உப்பு நீரை வார்த்து, அதன்மேல் நிறமூட்டிய நன்னீரைக் கரண்டியின் முதுகு வழியே மெதுவாக வழியவிட்டுக் காட்டினார். நன்னீர் மேலே மிதந்தது. "இதுதான் பிள்ளைகாள், உங்கள் கிணறு" என்றார். குடாநாட்டின் அடியிலே கடல்நீர் இருக்கின்றது. அதன்மேல் மழைநீர் ஒரு வில்லைபோல மிதக்கின்றது. ஒல்லாந்தர் ஒருவரும் ஜெர்மானியர் ஒருவரும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியை அடுத்துத் தனித்தனியே கண்ட கணக்கின்படி, நன்னீர் கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி உயர்ந்து நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு இருக்கும். மேலே 1 அடி குறைந்தால் கீழேயிருந்து உப்பு 40 அடி மேலெழும். இந்தக் கணக்கை மனத்திற்கொண்டு, மழையை மண்ணிற் சுவறவிடாமல் மூடிய வீதியையும் சீமெந்து முற்றத்தையும் பாருங்கள்.

நம் சுண்ணக்கல் நீரை மட்டும் வடிகட்டி அனுப்புகின்ற துணியன்று. எண்ணெய் விழுந்தாலும் வெடிப்பின் வழியே அனுப்பிவிடும். சுன்னாகத்திலே மின் நிலையம் ஒன்றின் அயலிலே கிணறுகள் எண்ணெயால் பழுதுபட்டமையும், 2019இல் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா நட்டஈடு விதித்தமையும் நாமறிந்தவை. அது வீதியால் வந்த கேடன்று. ஆயினும் மேலே சிந்தியது கீழே கிணற்றுக்கு எவ்வாறு போகும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. வீதியோரத்தில் எண்ணெய் மாற்றி, அழுக்கு எண்ணெயை மண்ணில் ஊற்றுவோர் இதை எண்ணுவது நன்று.

சுவறாத நீர் எங்கே போகின்றது? குருநகரில் அது கடல்நீரேரிக்குப் போகின்றது. ரயர் தேய்ந்த தூள், எண்ணெய், ஈயக்கறள் எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டே போகின்றது. அமெரிக்க தேசத்துச் சியாற்றில் நகரை அடுத்த ஓடைகளிலே, மழை பெய்த கையோடு 'கோகோ' என்னும் சமன் மீன்கள் செத்து மிதந்தன. பல்லாண்டு தேடி, 2020இல் காரணத்தைக் கண்டார்கள். ரயர் பிளவுபடாதிருக்கச் சேர்க்கும் மருந்தொன்று, காற்றிலுள்ள ஓசோனோடு கூடி நஞ்சாகி, வீதி வெள்ளத்தோடு வந்தது. ரெக்சஸ் மாநிலத்து ஒஸ்ரின் நகரமோ, நிலக்கரித் தாராலாகிய மேற்பூச்சு ஓடைச் சேற்றை நஞ்சாக்குவதைக் கண்டு, 2006 முதல் அதனைத் தடைசெய்தது. சமன் மீன் நம் கடலில் இல்லை. திரளியும் ஓராவும் இறாலும் நண்டும் உண்டு. அவற்றை நம்பி வாழும் குடும்பங்களும் உண்டு.

இனி, செய்யக்கூடியவை எவை? முதலாவது, அம்மம்மாவின் படிக்கட்டுக்குரிய பரிகாரம். சென்னையிலும் வீடுகள் இவ்வாறே வீதிக்குக் கீழே தாழ்ந்துபோயின. 2021ஆம் ஆண்டில் தமிழ்நாட்டுத் தலைமைச் செயலாளராக இருந்த வெ. இறையன்பு, பழைய மேற்றளத்தைச் சுரண்டி எடுத்தபின், அதே மட்டத்துக்கே புதுத்தளம் இடவேண்டும் எனப் பணித்தார். இதிலே இரட்டை இலாபம். வீதி உயராது, சுரண்டிய தார்க்கல்லை மீண்டும் காய்ச்சிப் புதுக்கலவையிலே சேர்க்கலாம். தார் நெடுங்காலம் கிடந்தாலும் ஒட்டுந்தன்மையை முற்றாக இழப்பதில்லை. அமெரிக்காவில் இவ்வாறு ஆண்டுதோறும் கோடிக்கணக்கான தொன் பழைய தார்க்கல் மறுபடியும் வீதியாகின்றது. அவ்வளவுக்கு மலை உடைபடாது தப்புகின்றது. நமக்கோ கருங்கல் குடாநாட்டில் இல்லை; வன்னியிலிருந்தும் அப்பாலிருந்தும் லொறி ஏறி வரவேண்டியது. வந்த கல்லை ஒருமுறை மட்டும் பாவித்துப் புதைப்பது வீண்செலவு. கலவையைக் காய்ச்சும் சூட்டைக் குறைக்கும் முறைகளும் இப்போது உண்டு. புகையும் எரிபொருளும் குறையும்.

மதுரைத் தியாகராசர் பொறியியற் கல்லூரியின் இரசாயனப் பேராசிரியர் இரா. வாசுதேவன் கண்ட பிளாஸ்ரிக் வீதியைப் பற்றி இளைஞர் பலர் ஆவலோடு பேசுகின்றனர். குப்பைப் பிளாஸ்ரிக்கை நறுக்கிச் சூடான கல்லின்மேல் தூவ, அது உருகிக் கல்லுக்கு மேற்பூச்சாகின்றது; பின்னர் தார் சேர்க்கின்றனர். நீர் கல்லுக்குள் இறங்காமையால் வீதி நெடுநாள் உழைக்கும். தாரும் சிறிது மிச்சமாகும். இதற்காக அவர் 2018இல் பத்மஸ்ரீ பெற்றார். தமிழன் என்ற வகையில் எனக்கும் பெருமையே. எனினும் தேய்கின்ற வீதியின் தூள் நேரே கடல்நீரேரியிற் சேரும் குருநகரிலே, முதலில் வாய்க்கால் முனையில் மணல் வடிகுழி அமைத்துவிட்டு அதை முயல்வது புத்தி.

நீரேரியைக் கடக்கும் வீதிகள் வேறொரு பாடம் சொல்கின்றன. கல்லும் மண்ணும் கொட்டித் தாம்போதி கட்டினால் செலவு குறைவு. ஆனால் கண்வாய்கள் போதாவிடின் இருபுறத்து நீரும் கலவாது. ஓட்டம் குன்றும், சேறு படியும், மீன் போக்குவரத்து மறியும். 2011 தையில் திறந்த சங்குப்பிட்டிப் பாலத்திலே ஏறத்தாழ 288 மீற்றர் நீளத்துக்குத் தண்ணீர் தூண்களுக்கிடையே தன்பாட்டில் ஓடுகின்றது. பாலத்துக்கு முன் அந்த இடத்தைக் கடந்தோர் பாதையில் ஏறிக் காத்து நின்றதைப் பெரியோர் மறக்கமாட்டார்கள்.

இக்கட்டுரைக்காக எங்கள் பகுதியிலே பழைய மதகுகளைத் தேடி இரண்டு மாலை நடந்தேன். வாசகசாலைத் திண்ணையில் இருந்த ஐயா ஒருவர் கைத்தடியால் நிலத்திலே கோடு கீறிக் காட்ட, நான்கு இடங்களைக் கண்டேன். ஒன்று திறந்திருக்கின்றது. ஒன்றன் வாயிலே மதில் எழும்பிவிட்டது. மற்ற இரண்டும் காப்பெற்றின் கீழ்ப் போய்விட்டன. மேலே நின்று பார்த்தால் தெரியாது. இடம் தெரிந்தவர்கள் அந்த ஐயாவும் அவர் வயதினர் சிலருமே. அவர் கீறிய கோட்டைக் கொப்பியில் வரைந்து வைத்திருக்கிறேன். அடுத்த முறை வீதியளக்க வருவோரிடம் அதைக் கொடுக்க எண்ணம்.