செலியாக் நோய்: கண்டறிவது எப்படி? கோதுமையின்றி வாழ்வது எப்படி? மும்பைத் தமிழர்கள் அறிய வேண்டியவை

தாணே: காரணம் புலப்படாத இரத்தசோகை, நீங்காத வயிற்றுப்போக்கு, வயதுக்கேற்ற வளர்ச்சியில்லாத குழந்தை. இவற்றுக்குப் பின்னால் அன்றாடம் உண்ணும் சப்பாத்தியும் பாவும் இருக்கக்கூடும் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. கோதுமையில் உள்ள புரதத்தால் தூண்டப்படும் செலியாக் நோய், வட இந்தியர்களுக்கு மட்டுமே உரியது என்ற எண்ணம் தமிழர்களிடையே இன்னமும் நிலவுகிறது. தாராவி, மாட்டுங்கா, செம்பூர், தாணே எனக் கோதுமை உண்ணும் நகரில் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு அந்த எண்ணம் பொருந்தாது. இந்நோய் எத்தகையது, அதை எவ்வாறு கண்டறிவது, கண்டறிந்தபின் எவற்றை உண்ணலாம் என்பதைக் காண்போம்.

செலியாக் நோய் என்றால் என்ன?

கோதுமை, வாற்கோதுமை எனப்படும் பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்னும் பசைப் புரதம் உள்ளது. சப்பாத்தி மாவு அறுபடாமல் இழுபடுவதும், பாவு உப்பி மென்மையாவதும் இப்புரதத்தாலேயே. மரபணு வழியாக வாய்ப்புள்ள சிலருக்கு, குளூட்டன் உடலுக்குள் சென்றதும் நோய் எதிர்ப்பு மண்டலம் தவறாகச் செயல்பட்டுச் சொந்தச் சிறுகுடலையே தாக்குகிறது. இதனால் சிறுகுடலின் உட்சுவரில் உள்ள குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகின்றன. இரும்புச்சத்து, கால்சியம், ஃபோலிக் அமிலம், வைட்டமின் டி போன்றவை உறிஞ்சப்படாமல் வீணாகின்றன.

இது ஒவ்வாமை அன்று. தன்னுடல் தாக்கு நோயாகும். உலக மக்கள்தொகையில் ஏறத்தாழ 1 சதவீதத்தினருக்கு இந்நோய் இருப்பதாகக் கணக்கிடப்பட்டுள்ளது. எந்த வயதிலும் இது வெளிப்படலாம்.

லண்டன் மருத்துவர் சாமுவேல் கீ 1888-இல் இந்நோயை விரிவாக விவரித்து, உணவே இதற்கு மருந்தாக அமையும் என்று கருதினார். ஆயினும் எந்த உணவு காரணம் என்பது அப்போது தெரியவில்லை. நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லெம் கரேல் டிக்கே அதனைக் கண்டறிந்தார். இரண்டாம் உலகப் போரின் இறுதிக் குளிர்காலமான 1944-45-இல் அந்நாட்டில் கடும் பஞ்சம் நிலவியது. ரொட்டி கிடைக்காத அந்த மாதங்களில் இந்நோயுள்ள குழந்தைகள் தேறியதும், ரொட்டி மீண்டும் வந்தபோது நோய் திரும்பியதும் அவரது ஐயத்தை உறுதிப்படுத்தின. 1950-இல் அவர் தமது ஆய்வேட்டை வெளியிட்டார்.

தமிழர்களுக்கு இந்நோய் வருமா?

இக்கேள்விக்கு விடை தரும் முக்கிய ஆய்வு 2016-இல் வெளியானது. மருத்துவர் பி.எஸ். ராமகிருஷ்ணா தலைமையிலான குழுவினர், வடக்கு, வடகிழக்கு, தெற்கு ஆகிய மூன்று பகுதிகளில் 23,331 பெரியவர்களைப் பரிசோதித்தனர். நோயைக் குறிக்கும் எதிர்ப்பொருள் வட இந்தியாவில் 1.23 சதவீதத்தினருக்கும், வடகிழக்கில் 0.87 சதவீதத்தினருக்கும், தென்னிந்தியாவில் 0.10 சதவீதத்தினருக்கும் இருந்தது.

இந்த வேறுபாட்டுக்கு மரபணு காரணமாகத் தெரியவில்லை. நோய்க்கு வாய்ப்பளிக்கும் எச்எல்ஏ-டிகியூ2, டிகியூ8 மரபணு வகைகள் மூன்று பகுதிகளிலும் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இருந்தன. பெரிதும் மாறுபட்டது உணவே. நாள்தோறும் உண்ணும் கோதுமையின் சராசரி அளவு வடக்கில் 455 கிராம். தெற்கில் 25 கிராம் மட்டுமே.

மரபணு உள்ள அனைவருக்கும் நோய் வருவதில்லை. மிகச் சிலருக்கே வருகிறது. எனினும், தென்னிந்தியரிடம் வாய்ப்பு உள்ளது, கோதுமைதான் குறைவு என்பதை இந்த ஆய்வு உணர்த்துகிறது. காலையில் பாவு, மதியம் சப்பாத்தி, மாலையில் வடா பாவ் என உண்ணும் மும்பைத் தமிழரிடம் அந்தக் குறைவும் இல்லை. ஆகவே, தமிழ்நாட்டின் குறைந்த விகிதத்தை அவர்களுக்கு அப்படியே பொருத்திப் பார்க்க இயலாது. 'நீங்கள் அரிசி உண்பவர்கள், உங்களுக்கு இது இராது' என்ற ஊகத்தால் பரிசோதனை தள்ளிப்போகுமானால், இழப்பு நோயாளிக்கே.

எந்த அறிகுறிகளைக் கவனிக்க வேண்டும்?

நாள்பட்ட வயிற்றுப்போக்கு, வயிற்று உப்புசம், எடைக் குறைவு ஆகியவை நன்கறியப்பட்ட அறிகுறிகள். ஆனால், வயிற்றுக் கோளாறே இல்லாமலும் இந்நோய் இருக்கலாம். இரும்புச்சத்து மாத்திரைகளுக்குக் கட்டுப்படாத இரத்தசோகை, எலும்புத் தேய்மானம், அடிக்கடி தோன்றும் வாய்ப்புண், கருத்தரிப்பதில் தடை, தொடர் கருச்சிதைவு, காரணமின்றி உயரும் கல்லீரல் நொதிகள் ஆகியவையும் இதன் வெளிப்பாடுகளாகலாம். குழந்தைகளிடம் உயரக் குறைவும், பருவமடைவதில் தாமதமும் காணப்படலாம். முழங்கை, முழங்கால் ஆகிய இடங்களில் கொப்புளங்களுடன் கடும் அரிப்பு தோன்றுவதும் உண்டு.

முதல் வகை நீரிழிவு, தன்னுடல் தாக்குதலால் விளையும் தைராய்டு நோய், டவுன் நோய்க்குறி ஆகியவை உள்ளவர்களுக்கு வாய்ப்பு அதிகம். நோயாளியின் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோருக்கும் அறிகுறி இல்லாவிடினும் பரிசோதனை அறிவுறுத்தப்படுகிறது.

பரிசோதனைக்கு முன் கோதுமையை நிறுத்தலாமா?

கூடாது. பலர் செய்யும் முதல் தவறு இதுவே. கோதுமையை நிறுத்தினால் இரத்தத்தில் எதிர்ப்பொருள் குறைந்துவிடும்; குடலும் ஆறத் தொடங்கும். அந்நிலையில் பரிசோதித்தால் நோய் இருந்தும் இல்லையென முடிவு வரக்கூடும். பரிசோதனைக்கு முன் குறைந்தது 6 வாரங்களாவது, நாள்தோறும் ஒரு வேளைக்கு மேல் குளூட்டன் உள்ள உணவை உண்டிருக்க வேண்டும் என பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு நெறிகள் கூறுகின்றன. ஏற்கெனவே கோதுமையை நிறுத்தியவர்கள் மருத்துவரின் மேற்பார்வையிலேயே மீண்டும் தொடங்க வேண்டும்.

கண்டறியும் படிகள் யாவை?

முதற்படி இரத்தப் பரிசோதனை. டிடிஜி-ஐஜிஏ என்னும் எதிர்ப்பொருளின் அளவு இதில் பார்க்கப்படுகிறது. சிலருக்கு ஐஜிஏ புரதமே உடலில் இயல்பாகக் குறைந்திருக்கும் என்பதால், அதன் மொத்த அளவையும் உடன் பார்ப்பது அவசியம். இல்லையேல் முடிவு பிழையாகலாம்.

அடுத்த படி எண்டோஸ்கோப்பி. வாய்வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, முன்சிறுகுடலின் பல இடங்களிலிருந்து சிறு திசுத் துணுக்குகள் எடுக்கப்பட்டு ஆராயப்படுகின்றன. பாதிப்பு குடலில் திட்டுத்திட்டாக இருக்கக்கூடும் என்பதால் ஒரே துணுக்கு போதாது. குழந்தைகளுக்கு டிடிஜி அளவு இயல்பின் உச்ச வரம்பைப் போல் 10 மடங்கு அல்லது அதற்கு மேல் இருந்து, மற்றோர் எதிர்ப்பொருள் சோதனையும் உறுதி செய்தால், திசு ஆய்வின்றியே நோயை முடிவு செய்ய ஐரோப்பிய வழிகாட்டு நெறிகள் இடமளிக்கின்றன.

மரபணுச் சோதனை நோயை உறுதி செய்யாது. அந்த மரபணு வகைகள் இல்லையெனில் நோய் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு எனச் சொல்லவே அது பயன்படும்.

நம் நாட்டில் மற்றொரு சிக்கலும் உண்டு. தென்னிந்தியாவில் நெடுங்காலமாக அறியப்பட்ட வெப்பமண்டல ஸ்ப்ரூ, குடல் காசநோய், ஜியார்டியா கிருமித் தொற்று ஆகியவையும் இதே போன்ற அறிகுறிகளைத் தரும். இவற்றுள் சில குடலுறிஞ்சிகளையும் பாதிக்கும். இவற்றுக்கு மருந்துகள் உள்ளன. செலியாக் நோய்க்கோ வாழ்நாள் முழுவதும் உணவுக் கட்டுப்பாடு தேவை. ஆகவே, திசு ஆய்வை மட்டும் கொண்டோ, அறிகுறியை மட்டும் கொண்டோ முடிவுக்கு வரலாகாது.

தாராவி, மாட்டுங்கா வாசிகளுக்கு அருகில் சயான் லோக்மான்ய திலக் மாநகராட்சி மருத்துவமனையும், பரேலில் கே.இ.எம். மருத்துவமனையும் உள்ளன. குழந்தைகளுக்குப் பரேலிலேயே வாடியா மருத்துவமனை உள்ளது. தாணே மாநகராட்சியின் சத்ரபதி சிவாஜி மகாராஜ் மருத்துவமனை கல்வாவில் இயங்குகிறது. முதலில் பொது மருத்துவரை அணுகி, அவரது பரிந்துரையுடன் இரைப்பைக் குடல் நிபுணரைக் காண்பது நல்லது.

தமிழ்ச் சமையலறையில் எவற்றைத் தவிர்க்க வேண்டும்?

இந்நோய்க்கு மருந்து இல்லை. குளூட்டனை முற்றிலும் நீக்குவதே சிகிச்சை. நாள்தோறும் 50 மில்லிகிராம் குளூட்டன் உட்கொண்டாலே சில மாதங்களில் குடல் பாதிக்கப்படுவதாக இத்தாலிய ஆய்வு ஒன்று 2007-இல் காட்டியது. ஒரு சப்பாத்தியில் சுமார் 3 கிராம் குளூட்டன் இருக்கும் என்பதால், அதன் அறுபதில் ஒரு பங்கே இந்த அளவை எட்டிவிடும். 'கொஞ்சம் தின்றால் ஒன்றும் ஆகாது' என்னும் உபசாரம் இங்கு தீங்காகவே முடியும்.

சப்பாத்தி, பூரி, பரோட்டா, பாவு, பிஸ்கட் ஆகியவற்றை எளிதில் அடையாளம் காணலாம். ஆனால் ரவையும் சேமியாவும் கோதுமையே என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். உப்புமா, ரவா தோசை, ரவா இட்லி, கேசரி, சேமியாப் பாயசம் ஆகியவை கூடா. கோதுமைப் பாலில் கிண்டும் திருநெல்வேலி அல்வாவும் கூடாது. மால்ட் கலந்த ஊட்டச்சத்து பானங்கள், பார்லித் தண்ணீர், பீர் ஆகியவற்றில் வாற்கோதுமை உண்டு. மஞ்சூரியன் போன்ற உணவுகளில் சேரும் சோயா சாஸிலும் பெரும்பாலும் கோதுமை இருக்கும்.

எளிதில் கண்ணுக்குப் படாதது பெருங்காயம். கடைகளில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பிசினுடன் மாவும் கலக்கப்படுகிறது. அது கோதுமை மாவாகவோ மைதாவாகவோ இருக்கலாம். சாம்பார், ரசம், மோர், ஊறுகாய், முறுக்கு என அனைத்திலும் அது நுழைகிறது. அரிசி மாவு கலந்த பெருங்காயமும் சந்தையில் கிடைக்கிறது. உறையில் உள்ள சேர்மானப் பட்டியலைப் படித்தே வாங்க வேண்டும்.

எவற்றை உண்ணலாம்?

அரிசி, உளுந்து, பருப்புகள், காய்கறி, பழம், பால், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றில் இயல்பாகவே குளூட்டன் இல்லை. இட்லி, தோசை, இடியாப்பம், ஆப்பம், புட்டு, பொங்கல், அடை ஆகியவற்றை வீட்டில் தூய்மையாகச் செய்து உண்ணலாம். கேழ்வரகு, கம்பு, சோளம், தினை, சாமை, வரகு, குதிரைவாலி ஆகிய சிறுதானியங்களும் உகந்தவையே. ஓட்ஸ் பெரும்பாலும் கோதுமையுடன் கலந்துவிடுவதால், குளூட்டன் அற்றதெனச் சான்று பெற்றதை மட்டும் மருத்துவர் ஆலோசனையுடன் உண்ண வேண்டும்.

மகாராஷ்டிரத்தில் வாழ்வோருக்கு மற்றொரு வசதியும் உண்டு. சோளம், கம்பு, அரிசி, நாச்ணி எனப்படும் கேழ்வரகு ஆகியவற்றில் தட்டும் பாக்ரி சப்பாத்திக்கு மாற்றாகும். மராத்தியர்கள் விரத நாள்களில் கோதுமையை விலக்குவதால், ஜவ்வரிசிக் கிச்சடி, பகர் அரிசிச் சோறு, ராஜ்கிரா, சிங்காடா மாவுப் பண்டங்கள் ஆகியவை எங்கும் கிடைக்கின்றன. தாலிபீட் மாவில் மட்டும் சில வேளைகளில் கோதுமை சேர்வதால் கேட்டறிய வேண்டும்.

குளூட்டன் அற்றவை என விற்கப்படும் பிஸ்கட், ரொட்டி ஆகியவை விலை மிகுந்தவை. அவற்றுள் பலவற்றில் சர்க்கரையும் கொழுப்பும் அதிகம். எளிய குடும்பத்தினர் அவற்றை வாங்க இயலவில்லையே என வருந்தத் தேவையில்லை. அரிசியும் பருப்பும் கேழ்வரகும் கொண்ட உணவே போதுமானது.

ஒரே அறை வீட்டில் சமையலைப் பிரிப்பது எப்படி?

சிறிய வீடுகளில் தனிச் சமையலறைக்கு வழியில்லை. நோயாளிக்குரிய உணவை முதலில் சமைத்து மூடி வைத்துவிட்டு, பின்னர் மற்றவர்களுக்குச் சப்பாத்தி இடலாம். சப்பாத்திப் பலகை, குழவி, தோசைக்கல், மாவு சல்லடை ஆகியவை தனியாக இருக்க வேண்டும். பூரி பொரித்த எண்ணெயில் அப்பளம் பொரிக்கலாகாது.

தெருமுனை மாவு மில்லிலும் கவனம் தேவை. கோதுமை அரைத்த எந்திரத்திலேயே சோளமோ அரிசியோ அரைத்தால் கோதுமை மாவு அதில் கலந்துவிடும். வீட்டில் சிறு எந்திரத்தில் அரைப்பது பாதுகாப்பானது.

உறைகளில் எதைப் பார்க்க வேண்டும்?

ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மிகாமல் குளூட்டன் உள்ள உணவையே 'குளூட்டன் அற்றது' எனக் குறிப்பிட இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் அனுமதிக்கிறது. 20 முதல் 100 மில்லிகிராம் வரை உள்ளவை 'குறைந்த குளூட்டன்' வகை. அவை செலியாக் நோயாளிகளுக்கு உகந்தவை அல்ல. குளூட்டன் உள்ள தானியம் சேர்ந்திருந்தால் அதனை உறையில் தனியே அறிவிக்கவும் விதி உள்ளது. சில மாத்திரைகளிலும் கோதுமை மாவுச்சத்து சேர்க்கப்படுவதால், மருந்து வாங்கும்போது நோயைத் தெரிவிக்க வேண்டும்.

உணவகமும் வழிபாடும்

உணவகங்களில் ரவா தோசை வார்த்த கல்லிலேயே சாதா தோசையும் வார்க்கப்படலாம். மைதா சேர்ந்த பண்டங்கள் பொரிந்த எண்ணெயிலேயே உளுந்து வடையும் பொரியலாம். ரவை கலவாத இட்லியும் தேங்காய்ச் சட்னியும் ஓரளவு பாதுகாப்பானவை. எனினும் தாளிப்பில் பெருங்காயம் உண்டா எனக் கேட்பது நல்லது.

விநாயகர் சதுர்த்திக்கு அரிசி மாவில் அவிக்கும் கொழுக்கட்டையும் மோதகமும் ஏற்றவை. மைதாவிலோ கோதுமையிலோ பொரித்த மோதகம் கூடாது. சத்யநாராயண பூஜையின் சீரா ரவையால் ஆனது. கத்தோலிக்கர்களுக்கு, மிகக் குறைந்த குளூட்டன் உள்ள அப்பம் நற்கருணைக்குச் செல்லும் என்று வத்திக்கான் 2003-இல் தெளிவுபடுத்தியுள்ளது. திராட்சை இரசத்தை மட்டும் பெறவும் இடமுண்டு. பங்குத்தந்தையிடம் முன்கூட்டியே தெரிவிப்பது போதுமானது.

தொடர் கண்காணிப்பு

குளூட்டனை நிறுத்திய சில வாரங்களிலேயே பலருக்கு அறிகுறிகள் தணிகின்றன. ஆனால் பெரியவர்களுக்குக் குடல் முழுமையாக ஆற இரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகலாம். தொடக்கத்தில் சிலருக்குப் பாலும் ஒத்துக்கொள்ளாது. குடல் ஆறியபின் அது பெரும்பாலும் சரியாகிவிடும். எதிர்ப்பொருள் அளவு, இரத்தத்தில் இரும்புச்சத்து, வைட்டமின்கள், தைராய்டு, எலும்பு அடர்த்தி ஆகியவற்றை மருத்துவர் கூறும் இடைவெளியில் பரிசோதிக்க வேண்டும்.

உடல் தேறியதும் நோய் நீங்கிவிட்டதென எண்ணி மீண்டும் கோதுமைக்குத் திரும்புவது ஆபத்தானது. வெளியில் அறிகுறி தோன்றாமலேயே குடல் சிதையக்கூடும். அரிதாகக் குடல் புற்றுநோய்க்கும் அது வழிவகுக்கலாம். உணவு முறையை உறுதியாகக் கடைப்பிடிப்பவர்கள் மற்றவர்களைப் போலவே படிக்கலாம், பணியாற்றலாம், குழந்தை பெறலாம். நீங்காத இரத்தசோகையோ வளர்ச்சிக் குறைவோ இருப்பின், கோதுமையை நிறுத்துவதற்கு முன்பாகவே மருத்துவரிடம் டிடிஜி பரிசோதனை பற்றிக் கேட்க வேண்டும்.